தண்ணீர் குறைந்த போகத்தில் வயலை எப்படிக் கொண்டுபோவது? மட்டக்களப்புச் சிறு விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர் வேலை பார்க்கிறேன். வயல் வரம்பிலும் கமநல சேவை நிலைய வாசலிலும், கலியாண வீட்டில்கூட, திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை ஓரிடத்தில் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று தொகுத்தேன். ஒரு ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்துத் தண்ணீரில் செய்கிறவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வறட்சியைச் சமாளிக்கும் வேலையில் முக்கால்வாசி, விதை மூடையை அவிழ்க்க முதல் முடிந்துவிட வேண்டும். பயிர் வாடிய பிறகு செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

வறட்சி எண்டா மழை பெய்யாம விடுறதுதானே? போன முறை நல்லாப் பெய்ஞ்சது, அப்ப ஏன் வேளாண்மை கருகினது?

மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீட்டர் மழை. இது குறைந்த மழையில்லை. ஆனால் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதைவிட எந்தக் கிழமைகளில் பெய்தது என்பதுதான் வயலுக்கு முக்கியம். நவம்பரில் வெள்ளமாகப் பெய்துவிட்டு, கதிர் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்தில் மூன்று கிழமை ஓய்ந்தால், கணக்கில் அது நல்ல மழை ஆண்டு, களத்தில் மணி பிடிக்காத சப்பி.

2016 இன் கடைசியில் நடந்தது வேறு. பெரும்போக (மாரிக்கால) மழையே பிழைத்தது. குளங்கள் நிரம்பவில்லை, அதனால் அடுத்து வந்த சிறுபோகமும் (கோடைப் போகமும்) அடிபட்டது. நாற்பது ஆண்டுகளில் மிக மோசமான வறட்சி என்றார்கள். 2017 ஆம் ஆண்டு நாட்டின் நெல் விளைச்சல் 27 இலட்சம் தொன்தான் வரும், அது முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு என்று உலக உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன. ஒரு மாரி பிழைத்தால் இரண்டு போகம் போகும்.

எல் நினோ வருதாம் எண்டு டிவியில சொல்றாங்க. அப்ப இந்த முறை விதைக்காம விடுறதா?

விதைக்காமல் விடத் தேவையில்லை. எல் நினோ (பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகும் நிலை) என்றாலே வறட்சி என்பது எங்கள் மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தாது. எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை வழமையைவிடக் கூடுகிற போக்கு இலங்கையில் உண்டு. ஜனவரிக்குப் பிறகுதான் குறையப் பார்க்கும். லா நினா (அதே கடல் வழமையைவிடக் குளிரும் நிலை) வந்தால் ஒக்டோபர் தொடங்கும் மழை பின்வாங்கலாம். நாம் பயந்து நினைவில் வைத்திருக்கும் 2016 இன் கடைசியில் இருந்தது ஒரு பலவீனமான லா நினாதான்.

ஆகவே எல் நினோ என்று கேட்டால், காலத்தோடு விதைத்து, ஜனவரிக்குள் கதிர் திரளும்படி பாருங்கள். லா நினா என்று கேட்டால் குளத்தைப் பார்த்துப் பரப்பைக் குறையுங்கள். இரண்டுமே போக்குத்தான், உறுதியில்லை. அதனால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறலைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

குளத்துல தண்ணி பாதிதான் கிடக்கு. என்ட மூணு ஏக்கரையும் விதைக்கலாமா?

விதைக்காதீர்கள். மூன்று ஏக்கரை அரைத் தண்ணீரில் செய்தால், கடைசி நனைவு கிடைக்காமல் மூன்றும் சப்பியாகும். ஒன்றரை ஏக்கரை முழுத் தண்ணீரில் செய்தால் அந்த ஒன்றரையாவது வீட்டுக்கு வரும். உழவுக்கூலி, விதை, பசளை, மருந்து எல்லாம் மூன்று ஏக்கருக்குக் கடன் வாங்கிப் போட்ட பிறகு கருகினால், அந்தக் கடன் அடுத்த போகத்தையும் விழுங்கிவிடும்.

தண்ணீர் குறைந்த ஆண்டில் குளத்துக்குக் கிட்ட உள்ள கண்டங்களை (வயல் தொகுதிகளை) மட்டும் செய்து, தூரத்துக் கண்டத்துக்காரருக்கும் அதற்குள் பங்கு பிரித்துக் கொடுக்கும் பழைய முறை ஒன்று நாட்டில் இருக்கிறது. சிங்களப் பகுதிகளில் பெத்ம என்பார்கள். வாய்க்காலில் ஊறிப்போகும் தண்ணீர் இதனால் பெருமளவு மிஞ்சும். உறவும் நம்பிக்கையும் உள்ள கண்டங்களில் இது நடக்கும். உங்கள் கண்டத்தில் நடக்குமா என்பதை, போகம் தொடங்க முதல் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு முதலே நீங்கள் பேசித் தீர்க்க வேண்டும்.

ஆரம்பக் கூட்டத்துக்குப் போய் என்ன பிரயோசனம்? அவங்க முடிவெடுத்துட்டுத்தானே கூப்பிடுறாங்க.

போகாவிட்டால் அப்படித்தான் நடக்கும். அந்தக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர், எந்தக் கண்டம், எந்தத் திகதிக்குள் விதைப்பு, எத்தனை மாத நெல், துருசு (குளத்து மதகு) திறக்கும் நாள், மூடும் நாள், மாடுகளை வெளியேற்றும் நாள் எல்லாம் தீர்மானமாகிறது. தீர்மானித்த பரப்புக்கு வெளியே விதைத்தவர் தண்ணீரும் கேட்க முடியாது, பின்னர் நட்டஈடு கேட்பதும் கஷ்டம்.

மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். குளத்தில் இன்று எத்தனை ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் அளவு) தண்ணீர் இருக்கிறது? அதில் குடிநீருக்கு எவ்வளவு ஒதுக்கப்படும்? மிச்சம் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் கணக்குப் பார்த்திருக்கிறது? உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வயலுக்கும் வேண்டும், குடிக்கவும் வேண்டும். அதனால் இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருவதால், அங்கே கேட்க வேண்டிய இடம் கமநல சேவை நிலையம்.

எந்த நெல் போட்டாத் தண்ணி குறைவாக் காணும்?

வயது குறைந்த நெல். வெயில் காலத்தில் வயலிலிருந்து நாளுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகவே போகிறது. மூன்றரை மாத நெல்லுக்குப் பதில் மூன்று மாத நெல் போட்டால் 15 நாள் மிச்சம். நாளுக்கு 6 மில்லிமீட்டர் என்று பார்த்தால் ஒரு ஏக்கரில் மூன்றரை இலட்சம் லீட்டருக்கு மேல். கசிவு இந்தக் கணக்கில் சேரவில்லை.

எங்கள் பக்கம் பலரும் விரும்பும் ஏடி 362, பிஜி 94-1 இரண்டும் மூன்றரை மாதம். பிஜி 300, ஏடி 307, ஏடி 308 மூன்று மாதம். பிஜி 250 இரண்டரை மாதத்தில் அறுவடைக்கு வரும். விளைச்சல் சற்றுக் குறையும்தான். ஆனால் பிந்திய விதைப்புக்கும் தண்ணீர் முடியப்போகும் சிறுபோகத்துக்கும் அதுதான் கைகொடுக்கும். வாவிக் கரையோர உவர் வயலுக்கு ஏடி 354 உப்பை ஓரளவு தாங்கும். ஒரே கண்டத்தில் ஆளுக்கொரு வயது நெல் போடுவதைத் தவிருங்கள். கடைசியாக முற்றும் ஒரு வயலுக்காக வாய்க்கால் முழுவதும் இரண்டு கிழமை கூட ஓட வேண்டிவரும்.

எங்கட மானாவாரி. முதல் மழைக்கே விதைக்கிறதா, காத்திருக்கிறதா?

மானாவாரியில் மழையை முந்துவதுதான் புத்தி. செப்டெம்பரில் புழுதி உழவு செய்து, நன்றாகக் காய்ந்த மண்ணில் விதைத்து மூடிவிட்டால் நெல் முளைக்காமல் கிடந்து, நல்ல மழைக்கு ஒன்றாக எழும். இன்னொரு வழி, மழை விழுந்து மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனைந்த பிறகு விதைப்பது. மண்வெட்டியால் நாலு இடத்தில் வெட்டிப் பாருங்கள். அடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும்.

பயிரைக் கொல்வது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. ஒரு சிறு மழைக்கு மேல் மண் மட்டும் நனைந்திருக்கும்போது விதைத்தால், முளை வந்து இரண்டு இலையில் வெயில் பிடித்து மாளும். ஒரு பகுதி விதையைக் கையில் வைத்திருப்பது நல்லது. மறுவிதைப்புக்கு விதை தேடி ஓடும் நேரத்தில் யாரிடமும் விதை இருக்காது.

விதை கூடப் போட்டாத்தானே தப்புறது தப்பும்?

இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அடர்ந்த பயிர் புல்லை அமுக்கும் என்றுதான் நம் ஆட்கள் ஏக்கருக்கு நாலு புசல் (ஒரு புசல் ஏறத்தாழ 20 கிலோ) வரை எறிகிறார்கள். சிபாரிசு ஏறத்தாழ இரண்டு புசல். நெருக்கமான பயிரில் வேர் ஆழம் போகாது, ஒவ்வொரு செடியும் மற்றதோடு தண்ணீருக்குப் போட்டிபோடும். வறட்சி வந்தால் முதலில் சுருளுவது அந்த வயல்தான். முளைப்புத் திறனைச் சோதித்த நல்ல விதை இரண்டரைப் புசலுக்கு மேல் தேவைப்படாது. அளவைக் குறைத்தால் முதல் மூன்று கிழமை புல்லில் கண் வைக்க வேண்டும். தட்டில் வளர்த்த நாற்றை வயலில் எறியும் பரசூட் நாற்று முறைக்கு ஒரு புசலும் தேவையில்லை, ஆனால் ஆள்பலம் வேண்டும்.

வயல்ல தண்ணி நிண்டாத்தானே நெல்லு விளையும்? காயவிடச் சொல்றீங்களே?

நெல் தண்ணீரைத் தாங்கும் பயிர், எப்போதும் நீரில் நிற்க வேண்டிய பயிரில்லை. வேருக்கு எட்டும் ஆழத்தில் ஈரம் இருந்தால் போதும். அந்த ஈரம் மேலே நின்று பார்த்தால் தெரியாது என்பதால்தான் பயம் வருகிறது. அதற்கு ஒரு எளிய கருவி இருக்கிறது. சுமார் 10 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டை எடுங்கள். மூங்கிலும் சரிவரும். கீழ்ப்பாதியில் சுற்றிவர நிறைய ஓட்டை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் நடுங்கள். வரம்போரமாக நடாமல், வயலின் சராசரி மட்டத்தில், நடந்து போய்ப் பார்க்க வசதியான இடத்தில் நட வேண்டும். உள்ளே நிறைந்த சேற்றைக் கையால் அள்ளிவிடுங்கள். வெளியே மண் வெடிக்கத் தொடங்கியிருக்கும்போதும் குழாய்க்குள் தண்ணீர் தெரியும். பலருக்கு இந்த முறையில் நம்பிக்கை வருவது அதைக் குனிந்து பார்த்த பிறகுதான்.

குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும்வரை விடலாம். பிறகு 5 சென்டிமீட்டர் நிற்கும்படி கட்டி, மீண்டும் இறங்க விடுங்கள். விதைத்து மூன்று கிழமையில் தொடங்கலாம். புல் அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள், நின்ற தண்ணீர்தான் புல்லை அமுக்கும். பூக்க ஒரு கிழமை முதலும் பூத்து ஒரு கிழமை வரையும் காயவிடவே கூடாது. சரியாகச் செய்தால் நெல் குறையாமல் தண்ணீரில் 30 சதவீதம் வரை மிஞ்சும்.

சரி, எங்கட கண்டத்துல முறைத் தண்ணி. ஏழு நாளைக்கு ஒருக்காத்தான் வரும். குழாயில தண்ணி இறங்கின நேரம் யார் திறந்து தருவா?

நியாயமான கேள்வி. முறை உங்கள் கையில் இல்லை என்றால், மேலே சொன்ன குழாய் எப்போது கட்டுவது என்று சொல்லும் கருவியாக உதவாது. அடுத்த முறை வரை வயல் தாங்குமா என்று அறிய உதவும். ஐந்தாம் நாளே 15 சென்டிமீட்டருக்குக் கீழே போகிறதென்றால் தண்ணீர் எங்கோ ஒழுகுகிறது. வரம்பில் நண்டுப் புடை, எலிப் புடை தேடுங்கள். சேறடிக்கும்போதே வரம்பை மிதித்து, சேற்றால் மெழுகினால் பாதிக் கசிவு நிற்கும். மேடுபள்ளமான வயலில் பள்ளம் நிரம்பி மேடு காயும், மேட்டை நனைக்கவே இரண்டு மடங்கு தண்ணீர் போகும். மட்டப்படுத்த ஒருமுறை செலவழித்தால் பல போகத்துக்குப் பலன் உண்டு.

கண்டம் முழுவதும் சேர்ந்து செய்தால் ஏழு நாள் முறையை ஒன்பது நாளாக நீட்டி, மிஞ்சியதைக் கடைக்கண்டத்துக்கு விடலாம். தலைக்கண்டத்துக்காரர் இதற்கு இலேசில் உடன்பட மாட்டார்கள். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை நேர்மையாக நின்றால் நடக்கும். ஆளைத் தெரிவு செய்யும்போது இதை யோசியுங்கள்.

நான் தனியத்தான் செய்யிறன் தம்பி. எனக்கு இரவில முறை வருது. யானை நிக்கிற இடத்துல நான் எப்பிடிப் போய்த் தண்ணி கட்டுற?

இது இந்த மாவட்டத்தில் எத்தனையோ அக்காமாரின் கேள்வி. கூலிக்கு ஆள் பிடித்தால் அந்த ஆள் தன் முறையை முடித்துவிட்டுத்தான் உங்கள் வக்கடையை (வரம்பில் தண்ணீர் விடும் வாயை) திறப்பார். சில இரவுகளில் திறப்பதேயில்லை. தண்ணீர் குறைந்த போகத்தில் ஒரு முறை தவறுவதே பெரிய இழப்பு.

பகல் முறை கேட்பது சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில், முறை அட்டவணை எழுதும் நாளில், எழுத்தில் கேளுங்கள். தனியாகச் செய்யும் பெண்களின் வயல்கள் ஒரே வாய்க்காலில் இருந்தால் சேர்ந்து கேட்டு, அடுத்தடுத்த பகல் முறைகளாக வாங்குங்கள். கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். வாய்ச்சொல்லாக விட்டால் மூன்றாம் முறையில் மறந்துபோவார்கள். அமைப்பில் பதவியில் இருப்பவர்களே, இதை அவர்கள் கேட்க முதல் நாங்கள் செய்ய வேண்டும்.

யூரியா எறியிற நாள் வந்திட்டு, வயல் வெடிச்சுக் கிடக்கு. எறியலாமா?

எறியாதீர்கள். காய்ந்த மண்ணில் எறிந்த யூரியாவில் பெரும்பகுதி காற்றோடு போகும். நாலைந்து நாள் பிந்தினால் குறைவில்லை. தண்ணீர் கட்டும் நாளில், மண் நனைந்து வெடிப்பு மூடிய பிறகு போடுங்கள். பொட்டாசு பசளையை மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம், வாட்டத்தைத் தாங்க அது உதவும்.

சிறுபோகத்துக்கு நெல்லை விட்டா வேற என்னத்தப் போடுறது?

பயறு 60 முதல் 65 நாளில் முடியும், நெல்லுக்குப் போகும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு காணும். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, மண் ஈரம் போக முதல் விதைத்தால் ஒன்றிரண்டு நனைவோடு ஒப்பேற்றலாம். கௌபியும் அப்படித்தான். கச்சானுக்கு மணல் கலந்த மண்ணும் மூன்று மாதமும் வேண்டும். எள்ளு எல்லாவற்றையும்விடத் தாங்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் ஒரே நாளில் படுத்துவிடும். களிமண் வயலில் வாய்க்கால் இழுத்து மேட்டுப் பாத்தி போட்டால்தான் இவை சரிவரும்.

சோளன் நல்ல காசு தரும். ஆனால் யானை வரும் பாதையில் சோளன் போடுவது யானையைக் கூப்பிடுவதுதான். வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கத்தில் எல்லையோரக் காணிக்காரர் இதை முதலில் யோசிக்க வேண்டும். இன்னொன்று, சுற்றிவர நெல் நிற்கும்போது நடுவில் ஒருவர் மட்டும் பயறு போட்டால் பக்கத்து வயல் கசிவில் பயறு அழுகும். பத்துப் பேராவது சேர்ந்து ஒரு துண்டாகப் போடுங்கள். வாங்க வருகிறவரும் பத்துப் பேரின் பயற்றுக்கு லொறி கொண்டு வருவார்.

எழுவான்கரையில மணல் காணி. கிணத்துத் தண்ணி இப்ப உப்புக் கரிக்குது. ஆழமாத் தோண்டினா நல்ல தண்ணி வருமா?

வராது, இன்னும் கெடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் திட்டில், மழைத் தண்ணீர் கீழேயுள்ள உப்புத் தண்ணீரின் மேல் பால்மேல் ஆடைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி குறைந்தால், கீழே உப்பு ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது இதன் கணக்கு. பெரிய மோட்டரில் ஒரே மூச்சாக இறைத்தால் உப்பு அந்தக் கிணற்றடிக்கே இழுபட்டு வரும். ஆழமில்லாத இரண்டு கிணற்றில், சிறு மோட்டரில், காலையும் மாலையும் கொஞ்சமாக இறையுங்கள்.

களுதாவளைப் பக்கம் மரக்கறி, வெற்றிலை செய்கிறவர்கள் மணலில் தண்ணீரைச் சேமிக்கும் கலையை நன்கு அறிந்தவர்கள். எருவும் மூடுபடையும்தான் அதில் பாதி. வைக்கோலோ சருகோ நாலு விரல் தடிப்பில் போட்டால், தண்ணீர் விடும் இடைவெளியை நீட்டலாம். கரிப்புத் தெரியத் தொடங்கிய கிணற்றில் வெங்காயமும் போஞ்சியும் வேண்டாம். பீட்ரூட் தாங்கும். சொட்டு நீர்ப்பாசனம் போட்டால் மழைக்கு முதல் வேரடியில் உப்புப் படியும், மாரியில் நன்றாகக் கழுவவிட வேண்டும்.

மாட்டுக்கு என்ன செய்யிற? புல்லும் இல்ல, விக்கிறதுக்கும் விலை இல்ல.

எல்லாரும் விற்கும் நேரத்தில்தான் விலை விழும். பால் வற்றிய, வயதான மாடுகளை விற்பதானால் ஜூன் மாதத்துக்கு முதல் முடிவெடுங்கள். வைக்கோலை வயலில் எரிக்காமல் பெரும்போக அறுவடையோடு கட்டிச் சேர்த்து வையுங்கள். ஓகஸ்டில் அதன் அருமை தெரியும்.

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 100 லீட்டர் தண்ணீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி இரண்டு, மூன்று கிழமை வைத்தால் சத்தும் செரிமானமும் கூடும். கொடுக்க முதல் ஒரு மணிநேரம் காற்றாட விடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. கரைத்த யூரியாத் தண்ணீரை மாடு குடித்தால் இறந்துவிடும், வாளியைத் திறந்து வைக்காதீர்கள். முதல்முறை செய்யும்போது கால்நடை வைத்தியரைக் கேட்டுச் செய்யுங்கள். வேலியோரக் கிளிசரியா இலையும் நல்ல தீனி.

காப்புறுதி இருக்காம். ஆனா நமக்குக் கிடைக்கிறதேயில்லையே?

கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் நிபந்தனைகளும் தொகையும் போகத்துக்குப் போகம் மாறலாம் என்பதால், ஆரம்பக் கூட்டத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்காமல் போவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று. கமநல சேவை நிலையத்தில் காணி உங்கள் பெயரில் பயிர்ச்செய்கைக்குப் பதிவாகியிருக்காது. தீர்மானித்த திகதிக்குப் பிறகோ பரப்புக்கு வெளியிலோ விதைத்திருப்பீர்கள். அல்லது பார்க்க வரும் முன்பே வயலை உழுதோ மாட்டை விட்டோ அழித்திருப்பீர்கள். குத்தகைக்குச் செய்கிறவர்களுக்கு முதல் காரணம்தான் அதிகம் இடிக்கும். குத்தகையைக் கடதாசியில் எழுதி, போகம் தொடங்கும்போதே நிலையத்தில் காட்டுங்கள்.

குடலையில நிக்குது, குளம் முடிஞ்சிட்டு. இன்னும் ஒரு முறைதான் தருவாங்களாம். முழு வயலுக்கும் பங்கிடுறதா, ஒரு பக்கத்த விடுறதா?

ஒரு பக்கத்தை விடுங்கள். மனம் வராது என்று தெரியும். ஆனால் நெல்லுக்கு மிகவும் தண்ணீர் வேண்டிய காலம் குடலையிலிருந்து பூக்கும்வரை. அப்போது அரைகுறையாக நனைந்த வயலில் கதிர் வெளியே வரும், மணி பிடிக்காது. மூன்று ஏக்கருக்குச் சொன்ன அதே கணக்குத்தான் இங்கும்.

எதை வைத்திருப்பது? வாய்க்காலுக்குக் கிட்ட, மட்டமான, வரம்பு இறுகிய, பூக்க மிக நெருங்கிய துண்டை. குழாய் வைத்திருந்தால் எந்தத் துண்டு ஈரத்தைப் பிடிக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். கைவிடும் துண்டின் வக்கடையை அன்றே அடைத்துவிடுங்கள், இரக்கப்பட்டு ஒரு வாளி விட்டாலும் அது வீண். பக்கத்தில் விவசாயக் கிணறு இருந்தால், அதன் தண்ணீரையும் வைத்திருக்கும் துண்டுக்கே கொடுங்கள்.

கைவிட்ட துண்டை உடனே அரியக் கூடாது. முதலில் படம் எடுங்கள், கமநல ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள், பார்த்துப் பதிந்த பிறகு மாட்டுக்கு அரியுங்கள். அண்மையில் யூரியா போட்ட வாடிய பயிரில் நைத்திரேற்று கூடியிருக்கலாம். அதனால் தனியாகப் போடாமல் பாதிக்கு மேல் காய்ந்த வைக்கோல் கலந்து, வயிறு நிறைந்த மாட்டுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்த பிறகு கூட்டுங்கள்.